ஒரே எடை, வேறு உருவம்: நஞ்சு எச்சப் பரிசோதனையில் அயனிகளைத் தூற்றிப் பிரிக்கும் நுட்பம்

"மருந்தே அடிக்கல, பிறகு ரிப்போர்ட்ல மட்டும் மருந்து எப்படி வந்துச்சு?" இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். ஆய்வகமும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அப்படியென்றால் நடுவில் என்ன நடக்கிறது?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நஞ்சு உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. நம்ம கீரப்பாளையம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடம் கீழணையில் பிரிந்து, வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து, மதகு மதகாக இறங்கி, வாய்க்கால் விட்டு வாய்க்கால், வயல் விட்டு வயல் பாய்ந்து கடைமடைக்கு வருகிற தண்ணீர் அது. மேலே எத்தனை பேர் வயலில் புகுந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. பக்கத்து வயலில் டிரோனில் அடித்தால் காற்று நம்ம வரப்பில் நின்று அனுமதி கேட்காது. இரண்டாவது, அறுவடைக்குப் பின் கலந்திருக்கிறது: விதைநேர்த்தி செய்த விதை வந்த பழைய சாக்கு, வாடகைக்கு வந்த அறுவடை எந்திரம், எல்லார் நெல்லும் அரைபடுகிற அரவை மில். மூன்றாவது, அரிசியில் அந்த நஞ்சு இல்லவே இல்லை. எந்திரம் வேறு ஒன்றை அதுவென்று நினைத்துவிட்டது.

முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேசியதில்லை. எந்திரம் என்றால் சாமி வாக்கு மாதிரி என்ற எண்ணம் நமக்கும் இருக்கிறது, வியாபாரிக்கும் இருக்கிறது. மூன்று வருடம் மாறுகாலம் காத்திருந்து சான்று வாங்கியவரின் பெயர், ஒரு காகிதத்தில் வருகிற ஒரே ஒரு எண்ணில் போய்விடும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதைத் துல்லியமாக்க உலக அளவில் இப்போது வளர்ந்துவருகிற ஒரு நுட்பம்தான் 'அயனி நகர்வுத்திறன்' முறையில் பிரிப்பது. பெயர் பயமுறுத்தும். விஷயம் நம்ம களத்துமேட்டு விஷயம்தான்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். ஒரு நஞ்சுக்கு ஒரு பயிரில் தனியாக வரம்பு குறிக்கப்படவில்லை என்றால் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஒரு அரிசி சுமார் 20 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால், இரண்டு டன் அரிசிக்குள் ஒரே ஒரு அரிசியைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. 75 கிலோ மூட்டையாக இருபத்தேழு மூட்டையைக் கொட்டி, அதில் நிறம் மாறிய ஒரு அரிசியை எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் எந்திரம் செய்கிறது. குலைநோய்க்கு அடிக்கிற டிரைசைக்ளசோலுக்கு அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இருந்த வரம்பை ஐரோப்பா 2017இல் 0.01 ஆகக் குறைத்தபோது, ஒரே கையெழுத்தில் நூறு மடங்கு நெருக்கிப் பிடித்தது. பாசுமதி ஏற்றுமதி செய்கிற வட இந்திய மாநிலங்கள் அதில் திண்டாடிப் போயின. வரம்பு இவ்வளவு கீழே இறங்கும்போது, எந்திரம் தவறாக அடையாளம் காண்கிற வாய்ப்பும் கூடுகிறது. சத்தமில்லாத இடத்தில் ஒரு கூப்பாடு தெளிவாகக் கேட்கும். ஆனால் சந்தை இரைச்சலில் ஒருவர் காதோடு கிசுகிசுத்தால், என்ன சொன்னார் என்று பாதி நாமே ஊகித்துக்கொள்வோம் இல்லையா, அது மாதிரி.

ஆய்வகத்தில் அரிசியை மாவாக அரைத்து, அதில் சில கிராம் மட்டும் எடுத்து, தண்ணீரும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானும் உப்புகளும் சேர்த்துக் குலுக்குவார்கள். 2003இல் வெளியான இந்த எளிய முறைதான் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. நஞ்சு கரைப்பானுக்கு வந்துவிடும். ஆனால் நஞ்சு மட்டுமா வரும்? அரிசியின் கொழுப்பு, நிறமி, ஆயிரக்கணக்கான இயற்கைச் சேர்மங்கள் எல்லாம் கூடவே வரும். கறிவேப்பிலை, மிளகாய், மஞ்சள், தேயிலை என்றால் கேட்கவே வேண்டாம். வாசனையும் காரமும் நிறமும் உள்ள பொருளில் எந்திரத்துக்கு இரைச்சல் அதிகம்.

அந்தச் சாறு முதலில் ஒரு மெல்லிய குழாய்க்குள் போகிறது. குழாய்க்குள் நுண்ணிய துகள்கள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். சில சேர்மங்கள் அதில் ஒட்டி ஒட்டி மெதுவாக வரும், சில வேகமாக வரும். இதுதான் குரோமட்டோகிராபி, தமிழில் நிறப்பகுப்பு. ஒவ்வொரு நஞ்சும் வெளியே வருகிற நேரம் ஏறக்குறைய நிலையானது. வெளியே வந்ததும் அதற்கு மின்னூட்டம் ஏற்றி அயனியாக்குகிறார்கள். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எனப்படும் நிறைநிரல்மானி அதை எடைபோடுகிறது. டிரைசைக்ளசோல் என்றால் 190 எடையுள்ள அயனி. அதை மட்டும் பிடித்து, வாயுவோடு மோதவிட்டு உடைத்தால் 163 எடையில் ஒரு துண்டும் 136 எடையில் ஒரு துண்டும் கிடைக்கும். இரண்டு துண்டும் சரியான விகிதத்தில், சரியான நேரத்தில் வந்தால் "ஆம், இது டிரைசைக்ளசோல்" என்று எழுதலாம். நேரம் 0.1 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது, துண்டுகளின் விகிதம் 30 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது ஐரோப்பிய ஆய்வகங்களின் வழிகாட்டு விதி. நம் நாட்டு ஏற்றுமதி ஆய்வகங்களும் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன.

விதி நல்ல விதிதான். ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். எந்திரத்துக்குத் தெரிவது எடை மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு வேறு பொருள் ஒரே நேரத்தில் வந்தால்?

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கையில், ஆனால் வேறு வேறு மாதிரி அடுக்கப்பட்டிருந்தால் அவற்றை மாற்றியங்கள் என்கிறோம். நம்ம பகுதியில் வயதானவர்களுக்கு பி.எச்.சி. பவுடர் ஞாபகம் இருக்கும். மூட்டை மூட்டையாக வயலில் தூவியது. 1997இல் இந்தியாவில் தடை செய்தார்கள். அந்தப் பவுடர் ஒரே பொருள் இல்லை, ஒரே எடையுள்ள பல மாற்றியங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது அதில் காமா என்ற ஒன்றுதான், அதைத்தான் லிண்டேன் என்று தனியாக விற்றார்கள். ஆனால் உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு நீண்ட காலம் நகராமல் கிடப்பது பீட்டா. எடையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. உருவம் வேறு, வேலையும் வேறு. களைக்கொல்லிகளில் அட்ரசினுக்கு உறவான புரோபசினும் டெர்புதைலசினும் இப்படித்தான். எத்தனை கரி அணு, எத்தனை நைட்ரஜன், எல்லாம் எண்ணிக்கையில் ஒன்றே. கிளை பிரிகிற இடம் மட்டும் வேறு. நிறப்பகுப்புக் குழாய் இவற்றைப் பெரும்பாலும் பிரித்துவிடும். பிரிக்க முடியாமல் சிக்கிக்கொள்வது நஞ்சும் நஞ்சும் அல்ல, நஞ்சும் பயிரின் சொந்தச் சேர்மமும்தான். ஆயிரம் சேர்மங்கள் உள்ள சாற்றில் ஏதோ ஒன்று அதே எடையில் வந்து, அதே மாதிரி உடைந்து, ஏறக்குறைய அதே நேரத்தில் நின்றால் எந்திரம் தடுமாறும்.

இங்கேதான் தூற்றுகிற வேலை வருகிறது.

களத்தில் நெல்லைத் தூற்றுகிறோம். முறத்திலிருந்து கொட்டும்போது காற்று குறுக்கே அடிக்கிறது. மணி நேராக விழுகிறது, பதரும் தூசியும் தள்ளிப் போகின்றன. அங்கே எடையும் வேலை செய்கிறது, உருவமும் வேலை செய்கிறது. எடை ஒன்றாக இருந்தால் உருவம் மட்டும் வேலை செய்யும். ஒரு கிலோ வைக்கோலை உதறிவிட்டுக் காற்றில் தூக்கிப் பிடியுங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும். அதே ஒரு கிலோவைப் பிரியாக முறுக்கிப் பிடியுங்கள், அசையாது. எடை மாறவில்லை, காற்று மோதுகிற பரப்புதான் மாறியது.

அயனி நகர்வுத்திறன் முறையில் செய்வது இதைத்தான். ஒரு குழாயில் நைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயுவை நிரப்புகிறார்கள். நீளவாட்டில் மின்புலம் கொடுக்கிறார்கள். அயனிகளை ஒரு முனையில் விட்டால், மின்புலம் அவற்றை மறுமுனைக்கு இழுக்கும். வழியெல்லாம் வாயு மூலக்கூறுகள் மோதித் தடுக்கும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் அன்று கீழவீதியில் கூட்டத்துக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கையை ஒடுக்கிக்கொண்டு நடப்பவர் புகுந்து போய்விடுவார். அதே ஆள் குடையை விரித்துக்கொண்டு நடந்தால் பத்தடி போக அரைமணி ஆகும். கச்சிதமான அயனி முன்னால் வந்துவிடும், பரந்து விரிந்த அயனி பின்தங்கும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து, வாயு மோதுவதற்கு அந்த அயனி காட்டிய பரப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். அதற்கு மோதல் குறுக்குப்பரப்பு என்று பெயர்.

வாயுவில் அயனி எப்படி நகர்கிறது என்பதைத் தாம்சனும் ரூதர்ஃபோர்டும் 1890களின் கடைசியிலேயே ஆராய்ந்தார்கள். பிரான்சின் லான்ஜவன் 1900களின் தொடக்கத்தில் கணக்கு எழுதிக்கொடுத்தார். அப்படியென்றால் இது புதுசு இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. விமான நிலையத்தில் பையை ஒரு துணித்துண்டால் துடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பார்களே, வெடிமருந்து இருக்கிறதா என்று, அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. சில நொடியில் சொல்லிவிடும். அம்மோனியம் நைட்ரேட் உரத்தைக் கையாண்டவர் கையைக் கழுவாமல் போனால் அந்தப் பெட்டி அலறவும் செய்யும்; உரத்தில் இருப்பதும் வெடிமருந்தில் இருப்பதும் ஒரே பொருள் என்று நமக்குத் தெரிந்ததை அந்தப் பெட்டியும் சொல்கிறது.

அதை நிறைநிரல்மானியோடு சேர்த்தது தான் நமக்கு வேண்டிய முன்னேற்றம். சேர்ப்பதற்கு ஒரு வசதி இருந்தது. நிறப்பகுப்புக் குழாயிலிருந்து ஒரு சேர்மம் வெளியே வந்து முடிய சில நொடிகள் ஆகும். நகர்வுத்திறன் குழாயைக் கடக்க மில்லிநொடிகள் போதும். பறக்கும் நேரத்தை வைத்து எடைபோடுகிற நிறைநிரல்மானிக்கு மைக்ரோநொடிகள் போதும். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மரக்கால், படி, ஆழாக்கு மாதிரி. அதனால் பரிசோதனை நேரம் கூடாமலே நடுவில் இன்னொரு சல்லடையைச் செருக முடிந்தது.

செருகினால் என்ன ஆதாயம்? வெளியே வருகிற நேரம் சாற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். அரிசியில் ஒரு நேரம், மிளகாயில் சற்றே வேறு நேரம். துண்டுகளின் விகிதமும் இரைச்சலில் மாறும். ஆனால் மோதல் குறுக்குப்பரப்பு அந்த அயனியின் உடம்பு. அது அரிசியிலிருந்து வந்தாலும் கத்தரிக்காயிலிருந்து வந்தாலும், கோயம்புத்தூரில் அளந்தாலும் பெல்ஜியத்தில் அளந்தாலும், ஒரே வாயுவில் அளந்தால் பொதுவாக 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். பல நூறு பூச்சிக்கொல்லிகளுக்கு இந்த அளவை எடுத்துப் பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே நேரம், எடை, துண்டு ஆகிய மூன்று சாட்சிகளோடு நான்காவதாக உருவம் என்ற சாட்சியும் வருகிறது. கூடவே இன்னொரு பலனும் உண்டு: அந்த நஞ்சின் உருவத்துக்குப் பொருந்தாத அயனிகளை எல்லாம் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டால், இரைச்சல் குறைந்து அந்தக் கிசுகிசுப்பு தெளிவாகக் கேட்கிறது.

நான்காவது சாட்சி என்றாலும், முழுக்கச் சுதந்திரமான சாட்சி என்று சொல்ல மாட்டேன். எடை கூடினால் பொதுவாக உருவமும் பெருக்கும். 190 எடை அயனியும் 400 எடை அயனியும் உருவத்தில் வேறுபடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது ஒரே எடையில் இருக்கிற இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன உருவ வேறுபாடு. அது பல நேரம் 1 அல்லது 2 சதவீதம்தான். முதலில் வந்த எந்திரங்களுக்கு அந்த அளவு பிரிக்கிற திறன் கிடையாது. அதைக் கூட்டுவதில்தான் இருபது வருடமாகப் போட்டி.

ஏன் கடினம்? அயனிகளை ஒரு கொத்தாக விடுகிறோம். ஓடும்போது அவை கலைந்து பரவும். வாய்க்காலில் ஒரு கைப்பிடி உமியைப் போட்டால் கொஞ்ச தூரத்தில் நீளமாகப் பரவிவிடுகிறதே, அதுபோல. இரண்டு கொத்து பக்கத்தில் பக்கத்தில் போனால், பரவிப் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். குழாயை நீளமாக்கினால் இரண்டுக்கும் இடைவெளி கூடும், ஆனால் பரவலும் கூடும். இடைவெளி நீளத்துக்கு நேராகக் கூடுகிறது, பரவல் அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடுகிறது. கணக்கின் முடிவு இதுதான்: பிரிப்பை இரண்டு மடங்காக்க குழாயை நான்கு மடங்கு நீளமாக்க வேண்டும், மின்னழுத்தத்தையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும். ஒரு மீட்டர் குழாயை நான்கு மீட்டராக்கி, பல ஆயிரம் வோல்ட் கொடுப்பதெல்லாம் ஆய்வகத்தில் நடக்கிற காரியம் இல்லை.

இதைச் சுற்றிக்கொண்டு போக மூன்று நான்கு வழி கண்டுபிடித்தார்கள். 2006 வாக்கில் சந்தைக்கு வந்த ஒன்று அலை முறை. குழாய் முழுக்க ஒரே அழுத்தம் கொடுக்காமல், சின்னச் சின்ன மின்னலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, அயனிகளை அலைமேல் தள்ளிக்கொண்டு போவது. அலை முறையில் அழுத்தம் எகிறாது என்பதால் பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். அப்புறம் அந்தப் பாதையையே வட்டமாக்கினார்கள். ஒரு சுற்று 98 சென்டிமீட்டர். வேண்டிய தடவை சுற்றவிடலாம். நூறு சுற்று விட்டால் பிரிப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வட்டப் பாதையில் ஒரு சிக்கல்: வேகமானது ஒரு சுற்று முன்னேறி மெதுவானதன் முதுகில் வந்து முட்டிவிடும். யார் முந்தியது, யார் பிந்தியது என்று தெரியாமல் போகும். எனவே முதல் சுற்றிலேயே வேண்டாததை வெளியே தள்ளிவிட்டு, சந்தேகத்துக்குரிய இரண்டை மட்டும் சுற்றவிட வேண்டும். ஒரு வழக்கைத் தீர்க்க அருமையான கருவி. அன்றாடம் ஐந்நூறு நஞ்சைத் தேடுகிற வேலைக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் இன்னொரு வழி பார்த்தார்கள். மின்சுற்றுப் பலகை இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவில் பாதையை மடித்து மடித்து ஓடவிடுவது. பார்த்தால் கொசுவிய வேட்டி மாதிரி இருக்கும். இந்த வகையில் 13 மீட்டர் நீளப் பாதையை ஒரு மேசைமேல் அடக்கிவிட்டார்கள். வட்டத்தில் வருகிற முந்துகிற சிக்கல் இதில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. இங்கே அயனி ஓடுவதில்லை, வாயுதான் ஓடுகிறது. மதகு திறந்ததும் வாய்க்காலில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல வாயு ஒரு பக்கம் தள்ள, மின்புலம் எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துகிறது. பெரிய உருவம் கொண்டதை வாயு அதிகம் தள்ளும், அதை நிறுத்த அதிக மின்புலம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு உருவமும் தனக்கேற்ற இடத்தில் போய் நின்றுகொள்ளும். பிறகு பிடியை மெல்ல மெல்லத் தளர்த்தினால் பெரியது முதலில், சின்னது கடைசியில் என்று வரிசையாக வெளியே வரும். விரலளவு நீளக் குழாயிலேயே 200க்கு மேல் பிரிப்புத்திறன் கிடைக்கிறது. வழக்கமான முக்கால் மீட்டர் நேர்க்குழாயில் கிடைப்பது 50, 60தான். மெதுவாகத் தளர்த்தினால் இன்னும் நன்றாகப் பிரியும். தூற்றுவதில் அவசரப்படாதவன் நெல் சுத்தமாக இருப்பதில்லையா.

பிரிப்பைக் கூட்டினால் மட்டும் போதாது, அயனியை வீணாக்காமலும் இருக்க வேண்டும். பழைய முறையில் வாசலைக் கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாகத் திறந்து ஒரு கொத்தை விட்டுவிட்டு மூடிவிடுவார்கள். அந்தக் கொத்து கடந்து முடிக்கிற வரை மூடியே இருக்கும். அதுவரை வந்துகொண்டிருக்கிற அயனிகள் எல்லாம் வீண். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் வாசலிலேயே போய்விடும். இரண்டு டன்னில் ஒரு அரிசியைத் தேடுகிறவன், கையில் வந்த மூட்டையில் பத்தில் ஒன்பதைப் பிரிக்காமலே வீசினால் எப்படி? இதற்காக வாசலுக்கு முன்னால் அயனிகளைத் தேக்கிவைக்கிற புனல் போன்ற அமைப்பைச் சேர்த்தார்கள். நம்ம ஏரி மாதிரிதான், வரும்போது தேக்கி, வேண்டும்போது திறப்பது. வாசலை ஒரு குறிப்பிட்ட தாளத்தில் அடிக்கடி திறந்துவிட்டு, கலந்து வருவதைக் கணக்கு வைத்துப் பிரித்தெடுக்கிற முறையும் வந்திருக்கிறது.

புதுச் சிக்கலும் வராமல் இல்லை. ஒரே மூலக்கூறு மின்னூட்டத்தை ஒரு நேரம் ஒரு முனையிலும் இன்னொரு நேரம் வேறு முனையிலும் ஏற்றுக்கொள்ளும். அப்போது ஒரே பொருள் இரண்டு உருவமாகத் தெரியும். கோழிப் பண்ணையில் பயன்படுத்துகிற சிப்ரோபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். திறமை இல்லாத கையில் கிடைத்தால், ஒன்றை இரண்டாகவும் எண்ணிவிடலாம்.

இவ்வளவு சொன்னதால், இந்த எந்திரம் வந்துவிட்டால் நமக்கு வருகிற தவறான முடிவெல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இயற்கை விளைபொருளுக்கு அடிக்கடி கெட்ட பெயர் வாங்கிக்கொடுக்கிற இரண்டு தவறுகளை எந்த நகர்வுத்திறன் குழாயும் பிடிக்காது.

ஒன்று, மான்கோசெப், சினெப், தைரம் போன்ற பூஞ்சணக்கொல்லிகளைப் பார்க்கிற பரிசோதனை. மாதிரியை அமிலத்தில் சூடாக்கி, வெளியே வருகிற கார்பன் டைசல்பைடு வாயுவைத்தான் அளக்கிறார்கள். நஞ்சை நேராகப் பார்ப்பதில்லை. முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, கடுகு, பூண்டு, வெங்காயம் இவற்றில் இயற்கையாகவே கந்தகச் சேர்மங்கள் இருப்பதால், ஒரு சொட்டு மருந்து அடிக்காத முட்டைக்கோஸும் அதே வாயுவை விடும். அறிக்கையில் எண் வரும். அந்த எண் பொய்யில்லை, அதற்குப் போட்ட பெயர்தான் பொய்.

இரண்டாவது, ஃபோல்பெட் என்ற பூஞ்சணக்கொல்லி. ஐரோப்பிய விதிப்படி ஃபோல்பெட்டையும் அது சிதைந்து வருகிற தாலிமைடையும் கூட்டித்தான் கணக்கு எழுத வேண்டும். ஆனால் தாலிமைடு, பிளாஸ்டிக் சார்ந்த தாலிக் அன்ஹைட்ரைடு எங்கும் இருப்பதால், வாயு நிறப்பகுப்பு எந்திரத்தின் சூடான வாசலிலேயே பிறந்துவிடும். தேயிலை, உலர்ந்த மூலிகை, மசாலாவில் இந்தத் தொல்லை அதிகம். எந்திரம் பார்த்தது உண்மையான தாலிமைடு. அதன் உருவத்தை எத்தனை துல்லியமாக அளந்தாலும் தாலிமைடு என்றுதான் சொல்லும். அது எங்கே பிறந்தது என்று சொல்லாது.

எதிர்ப்பக்கமும் ஒரு குறை உண்டு, அது நமக்குச் சாதகமாகத் தோன்றுகிற குறை. தேடச் சொல்லாததை எந்திரம் பார்க்காது. 2010இல் ஐரோப்பா போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்குவாட் என்ற வளர்ச்சி கட்டுப்படுத்தி இருப்பதாகச் சொல்லித் திருப்பினார்கள். இங்கே பல நஞ்சுக்குப் பரிசோதித்துத்தான் அனுப்பினார்கள். பட்டியலில் குளோர்மெக்குவாட் இல்லை, வழக்கமான சாறெடுக்கும் முறையில் அது சரியாக வரவும் வராது. கப்பல் கப்பலாக நட்டம். புதிய எந்திரங்கள் எல்லா அயனிகளின் எடையையும் உருவத்தையும் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அதனால் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி ஆறுமாதம் கழித்துச் சந்தேகம் வந்தால், பழைய பதிவைத் திறந்து, அது சாற்றுக்கு வந்திருந்தால், தேட முடியும். களைக்கொல்லிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. நமக்கு நல்ல செய்திதான்.

இத்தகைய எந்திரம் கோடிக்கணக்கில் விலை. நாளைக்கே நம்ம மாவட்டத்துக்கு வந்துவிடப் போவதில்லை. அதுவரை கையில் இருக்கிற அறிக்கையை எப்படிப் படிப்பது?

முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் அளவீட்டு ஐயப்பாடு என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். பல ஆய்வகங்கள் எச்சப் பரிசோதனைக்கு 50 சதவீதம் ஐயப்பாடு வைத்துக் கணக்கிடுகின்றன. அறிக்கையில் 0.015 என்று வந்தால், உண்மையான அளவு 0.0075 முதல் 0.0225 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். ஐரோப்பிய அரசு அலுவலர்கள் இந்த ஐயப்பாட்டைக் கழித்த பிறகும் வரம்பை மீறினால்தான் மீறல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 0.01 வரம்புக்கு 0.015 என்பது அந்தக் கணக்கில் மீறல் ஆகாது. தனியார் வியாபாரி அப்படிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் தெரிந்து பேசுகிறவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பிறகு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் அந்த ஆய்வகத்துக்கு இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு இருக்க வேண்டும். முட்டைக்கோசிலோ பூண்டிலோ டைதயோகார்பமேட் என்று வந்தால், கார்பன் டைசல்பைடு வழியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஃபோல்பெட் என்று வந்தால், ஃபோல்பெட் எவ்வளவு, தாலிமைடு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஃபோல்பெட் பூஜ்யமாக இருந்து தாலிமைடு மட்டும் இருந்தால் அதைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. வேறு எந்த நஞ்சு வந்தாலும், அதை வேறு வகை எந்திரத்தில் உறுதிசெய்தார்களா, வரைபடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்கலாம். நல்ல ஆய்வகம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

அரசு உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நான்கு பாகமாக்க வேண்டும். அதில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மாதிரி மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். நாமே அனுப்புகிற மாதிரிக்கும் இதே பழக்கம் நல்லது. ஒரு குவியலில் பல இடத்தில் எடுத்துக் கலந்து, புதுத் துணிப்பையில் மூன்று பாகமாகக் கட்டி, முத்திரை வைத்து, ஒன்றை ஆய்வகத்துக்கும் ஒன்றை வாங்குகிறவருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றை வீட்டில் இருட்டான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பத்தாயத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது அங்கே எறும்புப் பொடியோ எலி மருந்தோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயல் எண், வாய்க்கால் பெயர், அறுத்த தேதி, அரைத்த மில், அன்றைக்கு நமக்கு முன்னால் யார் நெல் அரைபட்டது என்பதுவரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறுபரிசோதனையிலும் அதே நஞ்சு அதே அளவில் வந்துவிட்டால், பிறகு எந்திரத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அந்த நோட்டைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.